ஒம்பதாவதுல நழுவுற பசங்க

திருப்பூர்ல வாத்தியார் வேலை பார்த்தா ஒண்ணு சீக்கிரமே பிடிபட்டுரும், எந்தப் பையனும் ஒரே நாள்ல படிப்ப நிறுத்துறதில்ல. காலாண்டு லீவுல தீபாவளித் துணிக்குன்னு பனியன் கம்பெனிக்குப் போவான், லீவு முடிஞ்சு வருவான், அப்புறம் திங்கக்கிழம மட்டும் வரமாட்டான், அப்புறம் திங்க செவ்வாய், தீபாவளி முடிஞ்சு ஸ்கூல் தொறந்தா அட்டெண்டன்ஸ்ல வரிசையா ஆப்சென்ட்தான். ரிப்போர்ட்ல இடைநிற்றல்னு ஏறுறதுக்கு ரொம்ப முன்னாடியே ஆள் போயிருப்பான்.

இதுல ஒம்பதாவதும் பத்தாவதும்தான் மோசமான இடம். ஏன்னா கட்டாயக் கல்விச் சட்டம் (2009ல வந்தது) 6 வயசுல இருந்து 14 வயசு வரைக்கும்தான். குழந்தைத் தொழிலாளர் சட்டத்த 2016ல திருத்துனாங்க, அதுலயும் 14 வயசுக்குக் கீழ இருந்தாதான் முழுத் தடை, 14ல இருந்து 18 வரைக்கும் ஆபத்தான தொழில்னு பட்டியல்ல இருந்தா மட்டும் தடை. நம்ம ஒம்பதாவது பையனுக்கு சரியா அந்த வயசுதான், ரெண்டு சட்டமும் கைய விட்டுருது. பெரிய எக்ஸ்போர்ட் கம்பெனில பையர் ஆடிட்டுக்கு (துணி வாங்குற வெளிநாட்டுக் கம்பெனிங்க நடத்துற சோதனை) பயந்து 18 ஆகாத பசங்கள கேட்டுக்குள்ளயே விடமாட்டாங்க, ஆதார் கேப்பாங்க. ஆனா சந்துக்குள்ள நாலு மெஷின் போட்டு ஜாப் ஒர்க் எடுக்குறவங்க யாரு ஆதார் கேக்குறா? பிசிறு வெட்ட, கைமடிக்க, அடுக்கிக் கட்ட ஆள் வேணும், அவ்வளவுதான்.

அரசாங்கம் ஒண்ணும் செய்யலன்னு சொல்ல மாட்டேன். காலை சாப்பாடு (2022ல மதுரைல ஆரம்பிச்சது) அஞ்சாவது வரைக்கும். மதியம் சத்துணவு பத்தாவது வரைக்கும். சைக்கிள் வேணும்னா பிளஸ் ஒன் வரணும், பொண்ணுங்களுக்கான புதுமைப்பெண் திட்டத்துல மாசம் ஆயிரம் ரூபா வேணும்னா காலேஜ் போகணும். எல்லாம் நல்ல திட்டம்தான், ஆனா பாருங்க, இதுல பாதி பத்தாவத தாண்டுனவங்களுக்கு. படிப்ப விடாம இருக்கணும்னே 2011ல கொண்டு வந்த சிறப்பு ஊக்கத்தொகைன்னு ஒண்ணு இருக்கு, பத்தாவதுக்கு 1500, பிளஸ் ஒன்னுக்கு 1500, பிளஸ் டூக்கு 2000, ஆக 5000. அத ஒரு ஹெல்பர் பையன் ரெண்டு மூணு வாரத்துல வீட்டுக்குக் கொண்டு வந்துருவான், சனிக்கிழம சனிக்கிழம கையில காசு. பிளஸ் டூ முடிச்சா வரும்னு சொன்னா அவன் சிரிக்கிறான்.

ஆனா காசு மட்டும்தான் காரணம்னு நான் நம்பல. போன வருஷம் ஒரு பையன் வீட்டுக்குப் போனேன், லைன் வீடு, ஒன்றரை ஷிப்ட் முடிச்சு அம்மா வர எட்டரை ஆயிருச்சு, தேனிப் பக்கத்துல இருந்து பொழைக்க வந்தவங்க. துணிப்பஞ்சு தலையெல்லாம் ஒட்டியிருக்கு, முகம்கூட கழுவாம நின்னுகிட்டே பேசுறாங்க. "நான் போகச் சொல்லல சார், சத்தியமா. காசுக்கும் இல்ல. இவன்தான் ஸ்கூல்னா வயித்த வலிக்குதுங்கிறான்." பையன் கதவுக்குப் பின்னாடி நிக்கிறான். கொஞ்ச நேரம் கழிச்சுதான் வாய் தொறந்தான், சமூக அறிவியல் பீரியட்ல எந்திரிச்சு வாசிக்கச் சொல்றாங்களாம், அவனுக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும், பொண்ணுங்க சிரிக்குதாம். இதுக்குத்தான் வயித்து வலி.

இந்த செட்டு பசங்க கொரோனா மூடுனப்ப மூணாவது நாலாவது படிச்சவங்க. 2020 மார்ச்ல மூடுன ஸ்கூல் ஒண்ணாவதுல இருந்து எட்டாவது வரைக்கும் 2021 நவம்பர் 1தான் திரும்பத் தொறந்துச்சு. வாசிப்பு கைக்கு வர்ற வயசுல ஒன்றரை வருஷத்துக்கு மேல வீட்ல. அப்புறம் எட்டாவது வரைக்கும் ஆல் பாஸ், (ஆல் பாஸ் வேணாம்னு நான் சொல்லவே மாட்டேன், பெயிலாக்குனா ஆறாவதுலயே போயிருப்பான், அவ்வளவுதான் வித்தியாசம்) ஆனா வாசிக்கத் தெரியாதத யாரும் கண்டுக்காம மேல மேல அனுப்பிட்டோம். அவனைக் கூப்பிட்டு வாசிக்க விடாதீங்கன்னு மத்த டீச்சர்ஸ்கிட்ட சொன்னேன், மத்தியானம் சாப்பிட்டதும் கால் மணி நேரம் ஸ்டாஃப் ரூம் வராண்டால தினத்தந்தி, அதுவும் கிரிக்கெட் பக்கம் மட்டும். வயித்து வலி நின்னுருச்சு.

நான் கணக்கு வாத்தியார், அதனால பத்தாவது பத்தி ஒண்ணு சொல்லியே ஆகணும். கணக்கு வராதுன்னு பயந்து ஓடுறவன்தான் ஜாஸ்தி. 100 மார்க்ல வரைபடமும் வடிவியலும் எட்டு எட்டு, மொத்தம் 16. ஒரு மார்க் கேள்வி 14. இது ரெண்டும் 30, ரெண்டு மார்க் கேள்வில மூணு போட்டா 36, பாஸ் 35. வகுத்தல் தடுமாறுறவன்கூட காம்பஸ் கையில குடுத்தா தொடுகோடு அழகா வரைவான். வடிவொத்த முக்கோணம், தொடுகோடு, அப்புறம் கிராஃப், ஜூன்ல இருந்தே வாரா வாரம் இதையே போட வைக்கிறேன். இது படிப்பான்னு பக்கத்து கிளாஸ் சார் கேட்டார். சென்டம் வாங்குறவனுக்கு ட்யூஷன் இருக்கு சார், இவனுக்கு யாரு இருக்கான்னேன்.

வீட்டுக்குப் போறதப் பத்தி ஒண்ணு. பையன் வராத மூணாவது நாளே போகணும் இல்ல போனாவது பண்ணணும். முதல் சனிக்கிழம சம்பளம் வாங்கிட்டான்னா கதை வேற, அந்தக் காசுக்கு வீட்ல உடனே ஒரு செலவு முளைச்சுரும், மளிகைக் கடை பாக்கியோ செல்போன் இஎம்ஐயோ. அதுக்கப்புறம் நாம பேசுறது பையன்கிட்ட இல்ல, கடன்காரன்கிட்ட. இஎம்ஐஎஸ்ல (ஸ்கூல் விவரம் ஏத்துற அரசாங்க வெப்சைட்) டேட்டா ஏத்துறதுல போற நேரத்துல பாதி குடுத்தா ஒவ்வொரு கிளாஸ் டீச்சரும் நாலு வீடு போயிட்டு வந்துருவாங்க, சொன்னா கோவம் வரும்.

பெயிலானாலும் முடிஞ்சு போகல. ரிசல்ட் வந்த கையோட துணைத்தேர்வுக்கு அப்ளை பண்ண வைங்க, அது ஜூன் ஜூலைலயே வந்துரும், பாஸ் பண்ணா அதே வருஷம் பிளஸ் ஒன் சேரலாம். அதுவும் வேணாங்கிறானா, எட்டாவது பாஸுக்கே கவர்ன்மென்ட் ஐடிஐல வெல்டர், வயர்மேன் மாதிரி ட்ரேடு இருக்கு, மாசம் 750 ரூபா உதவித்தொகையும் உண்டு. இந்த விஷயம் லைன் வீட்ல இருக்குற யாருக்கும் தெரியல, நீங்க கம்பெனில சூப்பர்வைசரா இருந்து புதுசா ஒரு பொடியன் பிசிறு வெட்ட வந்து உக்காந்தா, எந்த ஸ்கூல்டான்னு கேட்டு அந்த கிளாஸ் டீச்சருக்கு ஒரு போன் போடுங்க.