வெயிலுக்கு முன்னே வேலையை முடிப்பவர்களின் முதுகுக்கு

கோடையில் இடுப்பு பிடித்துக்கொண்டால் உடனே உடம்புச் சூடு மேல் பழியைப் போட்டுவிடுகிறோம். முதுகைக் கெடுப்பது சூடு அல்ல, சூட்டுக்குப் பயந்து நாம் மாற்றிக்கொள்ளும் நேரங்கள். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடலாம் என்று எழுந்ததும் எழாததுமாகத் தொட்டிகளை நகர்த்துவோம், களை பிடுங்குவோம். விடுமுறைப் பயணத்தில் நான்கு மணி நேரம் காரில் மடங்கி உட்கார்ந்துவிட்டு, இறங்கிய கையோடு பெட்டியைத் தூக்குவோம். முதுகு காயப்பட வசதியான இரண்டு நேரங்களும் இவைதான்.

முதலில் காலை. முதுகெலும்புக் கண்ணிகளுக்கு நடுவே இருக்கும் டிஸ்க்கின் உள்ளே கூழ் போன்ற பகுதி, அதைச் சுற்றி நார் வளையம். கூழில் பெரும்பங்கு தண்ணீர். இரவில் படுத்திருக்கும்போது மேலே எடை இல்லாததால் அது நீரை உறிஞ்சி உப்பிக்கொள்கிறது. காலையில் நாம் மாலையைவிட ஒன்றிரண்டு சென்டிமீட்டர் உயரமாக இருப்பது இதனால்தான். உப்பிய டிஸ்க்கோடு குனிந்தால் நார் வளையத்தின் பின்பக்கம் மாலையைவிட மிக அதிகமாக இழுபடும். நல்ல வேளையாக, அன்று குறைய வேண்டிய உயரத்தில் பாதி எழுந்த முதல் ஒரு மணி நேரத்திலேயே குறைந்துவிடுகிறது. ஆகவே 5 மணிக்கு எழுந்தால் குனிகிற வேலையை 6 மணிக்கு வையுங்கள். அதுவரை நடக்கலாம், நின்றபடி செய்யும் வேலைகளைப் பார்க்கலாம். எழுந்தவுடன் குனிந்து கால்விரலைத் தொடும் பயிற்சி வேண்டவே வேண்டாம்.

களை எடுக்கும்போது ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றுங்கள், அடியில் மடித்த சாக்கு போதும். கால்களை நேராக வைத்து இடுப்பில் மடங்கி நிற்பதுதான் வினை. 15, 20 நிமிடத்துக்கு ஒருமுறை எழுந்து நின்று, கையை இடுப்பில் வைத்து மெதுவாகப் பின்னுக்கு ஐந்து முறை வளையுங்கள்.

அடுத்தது கார். வளைந்தே உட்கார்ந்திருக்கும்போது முதுகின் பின்பக்கத் தசைநார்கள் மெல்ல நீண்டு தளர்ந்துவிடும். எழுந்தவுடன் அவை பழைய இறுக்கத்துக்கு வருவதில்லை. அதற்கு அரைமணி நேரத்துக்கு மேலும் ஆகலாம். அந்த இடைவெளியில் தூக்கும் பெட்டிதான் இடுப்பைப் பிடிக்க வைக்கிறது. சீட்டின் சாய்மானம் 100 முதல் 110 டிகிரி இருக்கட்டும். ஒரு துண்டைச் சுருட்டி பெல்ட் கட்டும் உயரத்தில் முதுகுக்குப் பின்னால் வையுங்கள். பின் பாக்கெட்டில் பர்ஸ் வேண்டாம், ஒரு பக்க இடுப்பை அது தூக்கிவிடும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி நடப்பதைப் பயணத் திட்டத்திலேயே சேர்த்துவிடுங்கள்.

ஊர் சேர்ந்ததும் டிக்கியைத் திறக்காதீர்கள். சாமான் எங்கும் ஓடிவிடாது. பத்து நிமிடம் நடந்துவிட்டு வாருங்கள். பிறகு பெட்டியை உள்ளே கிடக்கும் இடத்திலிருந்தே தூக்காமல், விளிம்புவரை இழுத்து நிமிர்த்தி, வயிற்றோடு ஒட்டவைத்துத் தூக்குங்கள். கணக்கு எளிது. 15 கிலோ பெட்டி முதுகெலும்பிலிருந்து 50 சென்டிமீட்டர் தள்ளி இருக்கிறது, முதுகுத் தசையோ சுமார் 5 சென்டிமீட்டர் பின்னால்தான் இருக்கிறது. அப்படியானால் அந்தத் தசை 150 கிலோவுக்கு ஈடாக இழுத்தாக வேண்டும், குனிந்த உடம்பின் எடை தனி. அதே பெட்டியை 25 சென்டிமீட்டருக்குக் கொண்டுவந்தால் பாதியாகிவிடும். திரும்பும்போது இடுப்பை முறுக்காமல் பாதங்களை எடுத்துவைத்துத் திரும்புங்கள். ஒரே பெரிய பெட்டியைவிட இரண்டு சிறியவை எப்போதும் மேல்.

குளிர்ச்சியாக இருக்கிறதே என்று வெறுந்தரையில் படுப்பவர்கள் மெத்தையையாவது விரித்துக்கொள்ளுங்கள். மிகக் கடினமான படுக்கை முதுகுக்கு நல்லது என்பது பழைய நம்பிக்கை. எழும்போது ஒருக்களித்து, கையை ஊன்றி எழவும்.

தண்ணீர் விஷயத்தைச் சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிறையக் குடித்தால் டிஸ்க் வலி தீரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. ஆனால் கோடையில் வியர்த்து நீர் குறைந்தால் சிறுநீரகக் கல் வரும் வாய்ப்பு கூடும், அதன் வலி முதுகு வலியைப் போலவே தொடங்கும். தசைப்பிடிப்பு என்றால் அசையும்போது கூடும், வசதியாகப் படுத்தால் குறையும். கல் வலி விலாவுக்குக் கீழே ஒரு பக்கம் தொடங்கி, அலை அலையாய்த் தொடை இடுக்குவரை இறங்கும். எப்படிப் படுத்தாலும் அடங்காது, குமட்டலும் சேரும். இதற்குத் தைலம் தேய்த்துக்கொண்டு காத்திருக்கக் கூடாது. காய்ச்சலும் இருந்தால் தாமதமே வேண்டாம். சிறுநீர் வெளிர் மஞ்சளாக இருக்கும் அளவுக்குக் குடிப்பது நல்ல அளவுகோல். இதயம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மருத்துவர் சொன்ன அளவை மீறக் கூடாது.

இவ்வளவுக்குப் பிறகும் பிடித்துக்கொண்டால் நாள்கணக்கில் படுத்துவிடாதீர்கள், தசை இன்னும் இறுகும். தாங்கும் அளவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நடப்பதே சீக்கிரம் குணமாக வழி. ஆனால் கால் பலமிழந்தாலோ, தொடைகளுக்கு நடுவே மரத்துப்போனாலோ, சிறுநீர், மலம் கட்டுப்பாட்டை இழந்தாலோ அன்றைக்கே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். இரவாக இருந்தாலும் சரி.