நான் பிரிக்காத கட்டு

"படிக்காமல் எப்படி மேடம் பேசப்போகிறீர்கள்?" என்று, குடும்ப வழக்கில் சமரசம் பேச வந்த கணவர் ஒருவர் தாள் கட்டு ஒன்றை நீட்டிக் கேட்டதற்கு நான் சொன்ன பதில் சரியான பதில்தான். சமரச மையத்தில் ஆதாரம் பார்ப்பதில்லை, இங்கே யாரும் தீர்ப்பு எழுதப்போவதில்லை, கட்டை உங்கள் வக்கீலிடமே கொடுத்துவையுங்கள் என்றேன். பயிற்சியில் சொல்லிக்கொடுத்ததும் இதுதான், சமரசராக உட்கார்ந்த நாளிலிருந்து நான் கடைப்பிடிப்பதும் இதுதான். சரியான பதிலைச் சொன்னவள் நிம்மதியாக அல்லவா இருக்க வேண்டும்? எனக்கு அந்த நிம்மதி இல்லை. (அடையாளம் தெரியக்கூடிய விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

மனைவியின் வாட்ஸ்அப் உரையாடல்களை ஸ்கிரீன்ஷாட் எடுத்து, பக்கத்துக்கு நான்காகக் கறுப்பு வெள்ளையில் அச்சடித்து, ஸ்பைரல் பைண்டிங் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மேலே பிளாஸ்டிக் அட்டை. வேண்டிய வரிகளில் மஞ்சள் மார்க்கர். மின்னணு ஆதாரத்துக்கான சான்றிதழ்கூடத் தயார். 2024 ஜூலையோடு பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய், புதிய சட்டத்தின் 63-ஆம் பிரிவு வந்துவிட்டது வரைக்கும் அவருக்குத் தெரிந்திருந்தது. என் ஜூனியர்கள் இன்னும் வாய்தவறி 65பி என்றுதான் சொல்கிறார்கள்.

கட்டில் கள்ள உறவு எதுவும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். மனைவியின் போன் என்றதுமே கேட்பவர் மனம் அங்கேதான் ஓடுகிறது. அந்தப் பெண் தன் அக்காவிடமும் கல்லூரித் தோழி ஒருவரிடமும் கணவரைப் பற்றிக் குறைப்பட்டுக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். மாமியார், பணம், அவர் சாப்பிடும்போது வரும் சத்தம். கணவரே வாய்விட்டு எனக்குப் பட்டியல் சொன்னார்.

அவர் வேவு பார்க்கப் போனவரும் இல்லை. குழந்தையின் பள்ளியிலிருந்து வந்த வீட்டுப்பாடத் தாளை அச்சடிக்க, வீட்டு லேப்டாப்பில் க்யூஆர் கோடை ஸ்கேன் செய்து மனைவிதான் தன் வாட்ஸ்அப்பைத் திறந்திருக்கிறார். வெளியேற மறந்துவிட்டார். அப்படி ஒருமுறை இணைத்த கணினி, போன் பக்கத்தில் இல்லாவிட்டாலும் செய்திகளை வாங்கிக்கொண்டே இருக்கும். மின்கட்டணம் கட்ட உட்கார்ந்த கணவரின் கண்ணில் தன் பெயர் பட்டது. தன் பெயரைப் பார்த்தபின் படிக்காமல் மூடுகிறவர் யார்? நானாக இருந்தாலும் அன்று படித்திருப்பேன். மறுநாளும் படித்திருப்பேனா என்பதுதான் கேள்வி. அவர் மாதக்கணக்கில் படித்தார், அந்தப் பெண் தூங்கிய பிறகு.

"எட்டு வருடத்தில் என்னிடம் ஒரு வார்த்தை சொன்னதில்லை மேடம்" என்றார். அவருடைய குறை அதுதான். தன்னைத் திட்டியது கூட இல்லை, தன்னிடம் திட்டவில்லை என்பது.

"உங்களிடம் சொன்னால் சண்டை. அக்காவிடம் சொன்னால் ஆறிவிடும். ஆறிய பிறகு வந்து உங்களுக்குத் தோசை ஊற்றிக் கொடுக்கவில்லையா?" என்றார் மனைவி.

இதில் யார் பேச்சு தப்பு? புருஷனைப் பற்றி அக்காவிடம் புலம்பாத தங்கை எந்தக் காலத்தில் இருந்தாள்? என் அம்மா பாட்டி வீட்டுக்குப் போனால் முதல் இரண்டு நாள் அதுதான் நடக்கும். அப்பாவின் மானம் அடுக்களையில் போகும். மூன்றாம் நாள் அவருக்குப் பிடித்த முறுக்கைக் கேட்டு வாங்கிக்கொண்டு ஊர் திரும்புவார். அந்தப் பேச்சு எங்கும் பதிவாகவில்லை. இப்போது அதே புலம்பல் தேதியோடும் நிமிடத்தோடும் எழுத்தில் நிற்கிறது. சொன்னவருக்கு ஆறிப்போன பிறகும், படிப்பவருக்கு அது சுடச்சுடத்தான் கிடைக்கிறது.

நான் படிக்கவில்லை என்று சொன்னேன். முழு உண்மை அது இல்லை. அவர் கட்டைத் திறந்து என் பக்கம் தள்ளிய கணத்தில் ஒரு வரி கண்ணில் பட்டுவிட்டது: இவர் வெளியூர் போனால்தான் தன்னால் மூச்சு விட முடிகிறது என்று. மஞ்சள் கோடு அந்த வாக்கியம் முடியும் இடத்தில் நின்றுவிட்டது. அதற்கு அப்பால் ஓர் உருண்டை முகம், கோடு படாமல். கண்ணீர் வரச் சிரிக்கும் முகமாக இருக்கலாம், தேம்பி அழும் முகமாகவும் இருக்கலாம். திரையில் பார்த்தால் சட்டென்று தெரிந்துவிடும். இந்தச் சின்னக் கறுப்பு வெள்ளைப் பிரதியில் இரண்டும் ஒரே சாம்பல் வட்டம். சிரிப்பு என்றால் அது அக்கா தங்கை கேலி. அழுகை என்றால் அது வேறு திருமணம். நான் அட்டையை மூடிவிட்டு அந்தச் சரியான பதிலைச் சொன்னேன்.

பிறகு இருவரையும் தனித்தனியாக அழைத்துப் பேசும் கட்டம். அந்தப் பெண் உட்கார்ந்ததும் நன்றி சொல்வார் என்று உள்ளூர எதிர்பார்த்தேன். அவருடைய அந்தரங்கத்தைக் காப்பாற்றியவள் அல்லவா நான்! அவர் சொன்னது: "நீங்களாவது முழுவதும் படித்திருக்கலாம் மேடம். இவர் கோடு போட்டதை மட்டும்தான் திரும்பத் திரும்பப் படிக்கிறார்."

மாமனார் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது கணவர் கண்விழித்ததைப் பற்றியும் அதே கட்டில் எழுதியிருக்கிறாராம். அதற்கு மஞ்சள் கிடையாது.

அந்த உருண்டை முகத்தைப் பற்றி அப்போதாவது கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் படித்தேன் என்று ஆகிவிடும். விதி விதிதான்: ஒரு கட்டைப் படித்தால் அடுத்தவர் இரண்டு கட்டு கொண்டுவருவார், சமரச அறை இன்னொரு கோர்ட் ஆகிவிடும். மேலும் அதில் அக்காவின் பேச்சும் இருக்கிறது. அவர் யாருக்கும் சம்மதம் கொடுக்கவில்லை. இது நல்ல வாதம்தான். ஆனால் அக்காவின் நினைப்பு எனக்கு அன்று வரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பிற்பாடு தேடிப்பிடித்தது. தன் அந்தரங்கத்தை அந்தப் பெண்ணே திறந்து காட்டுகிறேன் என்னும்போது, அதற்குப் பூட்டுப் போட நான் யார்?

சட்டமும் இதில் ஒரு பக்கமாக நின்றதில்லை. மனைவியின் அழைப்புப் பட்டியலைத் தெரியாமல் எடுத்துத் தாக்கல் செய்த கணவரின் வழக்கில், தம்பதிக்குள்ளும் அந்தரங்க உரிமை உண்டு, அப்படிப் பெற்ற ஆதாரம் செல்லாது என்று 2024 அக்டோபரில் மதுரைக் கிளை நீதிபதி ஜி.ஆர். சுவாமிநாதன் சொன்னார். அந்தத் தீர்ப்பைப் பிடித்துக்கொண்டு பல கட்சிக்காரர்களை நான் அடக்கியிருக்கிறேன். 2025 ஜூலையில் உச்ச நீதிமன்றம், மனைவி அறியாமல் கணவர் பதிவு செய்த தொலைபேசிப் பேச்சைத் திருமண வழக்கில் ஏற்கலாம் என்றது. ஒருவரையொருவர் வேவு பார்க்கும் நிலை வந்ததே உறவு முறிந்திருப்பதன் அறிகுறி என்றும் சொன்னது.

அந்த வாசகத்தோடுதான் எனக்குத் தகராறு. இந்த வீட்டில் உறவு முறிந்ததால் படித்தாரா, படித்ததால் முறிந்ததா? மின்கட்டணம் கட்ட உட்காரும் வரை அவருக்கு இருந்தது சாதாரணமான, கொஞ்சம் சலித்த ஒரு குடும்பம். எட்டு வருடத்தில் எந்தக் குடும்பம் சலிக்காது? இதைச் சொன்னால் கல்யாண வீடுகளில் உடனே, "எல்லாம் இந்தச் செல்போனால் வந்த வினை" என்று ஆரம்பித்துவிடுவார்கள். அதைக் கேட்டாலும் எனக்கு எரிச்சல் வருகிறது. 2016-இல் டேட்டா மலிந்ததற்கு முன்பு குடும்ப நல நீதிமன்றத்தில் ஈயா ஓட்டிக்கொண்டிருந்தோம்? அப்போதும் வராந்தாவில் நிற்க இடம் இருக்காது. அந்தப் பெண் கணவரிடம் பேச முடியாமல் போனதற்கு வாட்ஸ்அப் காரணம் இல்லை. பேச முடியவில்லை என்பது கணவருக்குத் தெரிந்ததற்குத்தான் வாட்ஸ்அப் காரணம். தெரிந்தது நல்லதா என்று கேட்டால், காலையில் ஒரு பதிலும் மாலையில் ஒரு பதிலும் சொல்வேன்.

சமரசம் கூடவில்லை. இருவரும் இந்து திருமணச் சட்டம் 13பி-யின் கீழ் பரஸ்பர சம்மத விவாகரத்து மனு போட்டார்கள். அதற்குள்ள ஆறு மாதக் காத்திருப்பைத் தகுந்த வழக்குகளில் தளர்த்தலாம் என்று 2017-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தச் சலுகையை இவர்கள் இருவருமே கேட்கவில்லை என்று தெரியவந்தது. அதற்கு அர்த்தம் கற்பிக்க எனக்குத் துணிவில்லை.

என்னோடு பணியாற்றும் மூத்த சமரசர் ஒருவர், "நீ படித்திருந்தாலும் இதே முடிவுதான் அம்மா, விடு" என்கிறார். ஆறுதலுக்குச் சொல்கிறார். அப்படியானால் நான் அங்கே உட்கார்ந்திருப்பது எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது.

சில மாதம் கழித்து இன்னொரு தம்பதி, இன்னொரு கட்டு. இந்த முறை, இருவரும் சம்மதித்தால் மஞ்சள் இல்லாத வரிகளையும் சேர்த்துப் படிக்கிறேன் என்றேன். கணவர் உடனே தலையாட்டினார். மனைவி, "வேண்டாம் மேடம். அதில் எழுதியிருப்பதைத்தான் நான் நினைத்தேன், இப்போதும் அதைத்தான் நினைக்கிறேன்" என்றார். கட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அந்த இருவரும் மனுவை வாபஸ் வாங்கிக்கொண்டு சேர்ந்துதான் இருக்கிறார்கள் என்று அவர்களுடைய வக்கீல் சொன்னார்.