பின்வரிசை எம்.பி. கேட்டது என்ன, வாங்கியது என்ன

தேர்தல் முடிந்து ஓராண்டு ஆனதும் "நம்ம எம்.பி. டெல்லியில் என்னதான் செய்கிறார்?" என்று ஊரில் பேச்சு கிளம்பும். உடனே எம்.பி. அலுவலகத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு வீடியோ வரும். பச்சைக் கம்பளம், கையில் காகிதம், இரண்டு மூன்று நிமிட ஆவேசம். இப்படி வருபவற்றில் பெரும்பாலானவை பூஜ்ய நேரத்தில், அதாவது கேள்வி நேரம் முடிந்து அவசர விஷயங்களை எழுப்பும் நேரத்தில், பேசியவை. அதில் எழுப்பிய விஷயத்துக்கு அமைச்சர் பதில் சொல்லியே தீர வேண்டும் என்று விதி எதுவும் இல்லை. மக்களவை விதிப் புத்தகத்தில் பூஜ்ய நேரம் என்ற பெயரே கிடையாது. பேசியதைத் தொகுத்து நாடாளுமன்ற விவகார அமைச்சகம் அந்தந்தத் துறைக்கு அனுப்பி வைக்கும், அவ்வளவுதான்.

அமைச்சர் பதவியும் கட்சியின் அவைத் தலைவர் பதவியும் இல்லாத பின்வரிசை உறுப்பினருக்குப் பெரிய விவாதங்களில் நேரம் கிடைப்பதே அபூர்வம். ஒரு விவாதத்துக்கு எத்தனை மணி நேரம் என்பதை அலுவல் ஆலோசனைக் குழு முடிவு செய்யும். அது கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரியும். கட்சிக்குக் கிடைத்ததில் யார் பேசுவது என்ற பட்டியல் கொறடா கையில். கடைசிப் பெயராக வந்தால் இரவு எட்டு மணிக்குக் காலி நாற்காலிகளைப் பார்த்துப் பேச வேண்டியதுதான். இரண்டாவது நிமிடத்தில் சபாநாயகர் இருக்கையிலிருந்து மணி அடிக்கும். நிமிடத்துக்கு நூறு சொல் என்று வைத்தால் மூன்று நிமிடத்துக்கு முந்நூறு சொல். அதில் தலைவருக்கு நன்றி, தொகுதி மக்களுக்கு நன்றி, ஒரு குறள் என்று முதல் நூறு போய்விடும். கோரிக்கை வாய்க்கு வரும்போது மைக் அணைந்திருக்கும். அனுபவம் உள்ளவர்கள் துறை, திட்டம், தொகை, தேதி நான்கையும் முதல் நிமிடத்திலேயே சொல்லி முடித்துவிடுவார்கள். குறளைப் பிறகு நேரம் இருந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

பதில் கட்டாயமாக வரும் வழிகள் வேறு. அவற்றில் முதன்மையானது எழுத்தில் கொடுக்கும் கேள்வி. மக்களவையில் ஒரு நாளைக்கு 20 நட்சத்திரக் கேள்விகளும் 230 நட்சத்திரமிடாத கேள்விகளும் பட்டியலில் இடம்பெறும். நட்சத்திரக் கேள்விக்கு அமைச்சர் அவையில் எழுந்து பதில் சொல்ல வேண்டும். மற்றதற்கு எழுத்தில் பதில். 15 முழு நாட்களுக்கு முன்பே நோட்டீஸ் போய்ச் சேர வேண்டும். ஓர் உறுப்பினர் ஒரு நாளைக்கு ஐந்து நோட்டீஸ் கொடுக்கலாம், முன்னுரிமை குலுக்கலில். அமைச்சகங்கள் ஐந்து குழுக்களாகப் பிரிக்கப்பட்டு, திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கொரு நாள். ரயில்வே கேள்வியை ரயில்வேக்குரிய நாளுக்குத்தான் கொடுக்க முடியும். கூட்டத்தொடருக்கு முன்பு வரும் அட்டவணையைப் பார்க்காமல் அனுப்பி வீணாகும் நோட்டீஸ் ஒவ்வொரு முறையும் உண்டு.

புதிதாக வந்தவர்கள் எல்லாரும் நட்சத்திரத்துக்கு ஆசைப்படுவார்கள். டி.வி.யில் தெரியும், துணைக் கேள்வி இரண்டு கேட்கலாம், அமைச்சரை அங்கேயே மடக்கலாம். ஆனால் காலை 11 மணிக்குத் தொடங்கும் ஒரு மணி நேரக் கேள்வி நேரத்தில் இருபது கேள்வியும் வாய்மொழியாக எடுக்கப்படுவதில்லை. முதல் சில கேள்விகளோடு மணி 12 ஆகிவிடும். அமளி நடந்தால் அதுவும் இல்லை. எட்டாத நட்சத்திரக் கேள்விக்கும் எழுத்தில் பதில் வந்துவிடும், துணைக் கேள்வி வாய்ப்பு மட்டும் போய்விடும். தொகுதிப் பிரச்சினைக்கு நட்சத்திரமிடாத கேள்வியே போதும் என்பது என் கருத்து. அவை ஒத்திவைக்கப்பட்டாலும் பதில் மேசையில் வைக்கப்படும்.

கேள்வி நிராகரிக்கப்படுவதற்கு முதல் காரணம் அது மாநில விவகாரம் என்பது. ஏரி தூர்வாருவது, பஸ் விடுவது, அரசுப் பள்ளிக்குக் கட்டடம், எதையும் நேராகக் கேட்டால் தள்ளுபடி. எந்த மத்தியத் திட்டத்தில் அந்த மாவட்டத்துக்கு எந்த ஆண்டு எவ்வளவு ஒதுக்கினீர்கள், எவ்வளவு விடுவித்தீர்கள், பணத்தைச் செலவழித்ததற்கான பயன்பாட்டுச் சான்றிதழ் வந்ததா என்று கேட்டால் உள்ளே போகும். நீதிமன்றத்தில் இருக்கும் வழக்கு, 150 சொல்லைத் தாண்டும் வாசகம், அமைச்சரின் அபிப்பிராயம் கேட்பது, அண்மையில் பதில் வந்த விஷயம், இவையும் வடிகட்டப்படும்.

ஒரு ரயில்வே கேட்டை எடுத்துக்கொள்வோம். மேம்பாலம் கட்டுவதாகச் சொல்லிப் பல ஆண்டுகள் ஆகியும் வேலை நடக்கவில்லை. "மக்களின் நீண்ட நாள் கோரிக்கையான மேம்பாலம் எப்போது கட்டப்படும்?" என்று கேட்டால், "பணி பல்வேறு கட்டங்களில் உள்ளது, முடிவது மாநில அரசின் நிலம் கையகப்படுத்துதல், வனத்துறை அனுமதி உள்ளிட்ட பல காரணிகளைப் பொறுத்தது" என்ற தோரணையில் ஒரு பத்தி வரும். எந்தப் பாலத்துக்கும் பொருந்தும் பத்தி அது. அதே கேள்வியை இப்படி உடைக்க வேண்டும்: (அ) இந்த எண்ணுள்ள கடவுப்பாதைக்கான மேம்பாலம் எந்த ஆண்டு பட்ஜெட்டில் சேர்ந்தது, மதிப்பீடு எவ்வளவு, (ஆ) பாலத்தின் பொது அமைப்பு வரைபடம் மாநில அரசுக்கு எந்தத் தேதியில் போனது, ஒப்புதல் எந்தத் தேதியில் வந்தது, (இ) தண்டவாளத்துக்கு மேலுள்ள பகுதிக்கும் இருபுற அணுகுசாலைக்கும் தனித்தனியே இதுவரை ஆன செலவு, (ஈ) எந்த ஒப்புதல் எந்தத் தேதியிலிருந்து நிலுவையில் உள்ளது. தேதி கேட்டால் தேதி சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் விட்டது பதிவில் அப்பட்டமாகத் தெரியும்.

இதில் செலவைப் பிரித்துக் கேட்பதற்குக் காரணம் உண்டு. செலவைப் பங்கிட்டுக் கட்டும் பாலங்களில் பொதுவாக ரயில்வே பாதி, மாநிலம் பாதி. தண்டவாளத்துக்கு மேல் வரும் பகுதி ரயில்வே வேலை. அணுகுசாலையும் நிலமும் மாநிலத்தின் வேலை. நடுப்பகுதி மட்டும் கட்டி முடித்து இருபுறமும் வெறுமையாக நிற்கும் பாலங்கள் இப்படித்தான் உருவாகின்றன. பதில் கைக்கு வந்ததும் எம்.பி. அதை மாவட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். மத்தியத் திட்டங்களைக் கண்காணிக்கும் மாவட்ட 'திஷா' குழுவுக்குத் தலைவரே எம்.பி.தான். வரைபடம் இந்தத் தேதியிலேயே வந்துவிட்டது என்று அமைச்சரின் பதிலை மேசையில் வைத்தால், "டெல்லியிலிருந்து இன்னும் வரவில்லை" என்று எந்த அதிகாரியும் சொல்ல முடியாது. பந்து யார் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்வதே பாதி வேலை.

கேள்விக்கு அடுத்தபடியாக நான் மதிப்பது, ஒரு விஷயத்தை எழுத்தில் கொடுத்து அவையில் எழுப்ப உதவும் மக்களவை விதி 377. ஒரு நாளைக்கு 20 பேருக்கு வாய்ப்பு, ஓர் உறுப்பினருக்கு வாரம் ஒன்று, சுமார் 250 சொல்லுக்குள் ஒரே ஒரு விஷயம். அமைச்சகம் உறுப்பினருக்குக் கடிதமாகப் பதில் அனுப்பும். அமளி நாளில் வாசிக்க முடியாமல் மேசையில் வைத்தாலும் வாசித்ததாகவே கணக்கு. அப்படி வைத்தால் வீடியோ கிடைக்காது என்பதால் சிலருக்கு இதில் ருசி இல்லை.

தேசிய விஷயத்தில் பின்வரிசையிலிருந்து என்ன செய்ய முடியும் என்பதற்கு இன்றும் பெரோஸ் காந்திதான் உதாரணம். ரேபரேலி உறுப்பினர், ஆளும் காங்கிரஸ், பிரதமர் நேருவின் மருமகன். அரசு நிறுவனமான எல்.ஐ.சி. தொடங்கிய மறு ஆண்டே, 1957இல், ஹரிதாஸ் முந்த்ரா என்ற தொழிலதிபரின் ஆறு நிறுவனங்களில் சுமார் 1.24 கோடி ரூபாய்க்குப் பங்கு வாங்கியிருந்தது. முதலில் அவையில் போனவை சாதாரணக் கேள்விகள்தான். பிடிகொடுக்காத பதில்களே வந்தன. அந்தப் பதில்களுக்கும் கையில் இருந்த ஆவணங்களுக்கும் இடையே இருந்த ஓட்டையை அவர் 1957 டிசம்பர் 16ஆம் தேதிப் பேச்சில் வரிவரியாகக் காட்டினார். நீதிபதி எம்.சி. சாக்ளா தலைமையில் ஒரு நபர் ஆணையம் வந்தது, விசாரணை மக்கள் முன்னிலையில் நடந்தது. 1958 பிப்ரவரியில் நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். முன்பே வாங்கி வைத்த பதில்கள் இல்லாவிட்டால் அந்தப் பேச்சு வெறும் குற்றச்சாட்டாகவே நின்றிருக்கும். அப்போது கட்சித்தாவல் தடைச் சட்டம் இல்லை, அது 1985இல் வந்தது. அந்தச் சட்டம் வாக்களிப்பதைத்தான் கட்டுப்படுத்துகிறது, கேள்வி கேட்பதை இல்லை. ஆனாலும் ஆளுங்கட்சி பின்வரிசையினரின் கேள்விகளில் இன்று பாதி, அரசின் சாதனையை அமைச்சர் வாயால் சொல்ல வைப்பதற்கான கேள்விகள்தான்.

அதே பெரோஸ் காந்தி, அமைச்சரல்லாத உறுப்பினராகக் கொண்டுவந்த தனிநபர் மசோதாதான், அவை நடவடிக்கைகளை நேர்மையாக வெளியிடும் பத்திரிகைகளுக்குப் பாதுகாப்பு தந்த 1956ஆம் ஆண்டுச் சட்டம். நெருக்கடி நிலையில் இந்திரா அரசு அதை ரத்து செய்தது, 1977இல் மீண்டும் வந்தது. தனிநபர் மசோதாக்களுக்கு வெள்ளிக்கிழமை கடைசி இரண்டரை மணி நேரம். பாதிப் பேர் விமான நிலையத்துக்குக் கிளம்பியிருப்பார்கள், 55 பேர் இல்லையென்றால் அவை நடத்தத் தேவையான குறைந்தபட்ச எண்ணிக்கையான கோரம் இல்லை. இதுவரை சட்டமானவை 14, கடைசியாக 1970இல். சட்டமாகாததெல்லாம் வீண் என்றும் சொல்ல முடியாது. திருநங்கையர் உள்ளிட்ட மாற்றுப் பாலினத்தவர் உரிமைக்காக தி.மு.க. எம்.பி. திருச்சி சிவா கொண்டுவந்த மசோதாவை மாநிலங்களவை 2015 ஏப்ரல் 24 அன்று ஒருமனதாக நிறைவேற்றியது. பிறகு அரசே தன் மசோதாவைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. அது 2019இல் சட்டமானது. சிவாவின் மசோதாவில் இருந்த பலவும் அதில் இல்லை என்பது வேறு வருத்தம்.

எண்ணிக்கையைப் பார்த்து எம்.பி.க்களுக்கு மதிப்பெண் போடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரே மாதிரிக் கேள்விகளைச் செயலகம் ஒன்றாகச் சேர்த்துவிடும். ஒரு பதில், மேலே ஆறு பெயர், ஆறு பேர் கணக்கிலும் ஒன்று ஏறும். யாரோ எழுதிக் கொடுத்த கேள்வியில் கையெழுத்து மட்டும் போடும் வழக்கமும் உண்டு. 2005 டிசம்பரில் 11 எம்.பி.க்கள் பதவி இழந்தது காசு வாங்கிக்கொண்டு கேள்வி கேட்டதற்காகத்தான்.

உங்கள் எம்.பி.யைப் பார்க்க வேண்டுமானால் நாடாளுமன்ற இணையதளமான சன்சத்தில் உறுப்பினர் பெயரைக் கொடுத்து, கேள்விகளைத் தனியாக எடுங்கள். தலைப்பை விட்டுவிட்டு பதிலைப் படியுங்கள். தொகுதியின் பெயரோ ஊரின் பெயரோ எத்தனை பதில்களில் வருகிறது, ஒரே விஷயத்தை அடுத்த கூட்டத்தொடரிலும் விடாமல் கேட்டிருக்கிறாரா என்று பாருங்கள். "பரிசீலனையில் உள்ளது", "தகவல் திரட்டப்பட்டு அவையில் வைக்கப்படும்" போன்ற வாசகங்கள் கண்ணில் பட்டால் குறித்துக்கொள்ளுங்கள். இந்த வாசகங்கள் அரசின் உறுதிமொழியாகக் கணக்கில் ஏறும். மூன்று மாதத்துக்குள் நிறைவேற்ற வேண்டும், தவறினால் அரசு உறுதிமொழிக் குழு துறைச் செயலரைக் கூப்பிட்டுக் கேட்கலாம். மக்களவை கலைந்தாலும் நிலுவை உறுதிமொழிகள் அடுத்த மக்களவையின் குழுவுக்குப் போகும். அதனால் தோற்றுப்போன பழைய எம்.பி. வாங்கி வைத்த ஒரு வரியைப் புதியவர் கையில் எடுக்க எந்தத் தடையும் இல்லை.