சலேத் மாதா மலையில் ஒரு துண்டு வெல்லம்

சென்ற ஆண்டு இறுதியில் என் மனைவிக்கு வயிற்றில் அறுவைச் சிகிச்சை நடந்தது. நலமாக எழுந்து நடந்தால் கொடைக்கானல் சலேத் மாதா கோயிலுக்கு வருகிறேன் என்று அவள் நேர்ந்துகொண்டாள். நேர்ந்தது அவள்; நான் அல்ல. மாதாவின் மேல் எனக்கு நம்பிக்கை இல்லாமல் இல்லை. யாரிடமும் எதையும் கேட்டுப் பழக்கம் இல்லாதவன் நான்.

அதை ஒரு நல்ல குணமாகவே அறுபது வயதுவரை வளர்த்துவந்தேன். பள்ளியில் சொல்லிக்கொடுத்த ஆத்திசூடியில் ‘ஏற்பது இகழ்ச்சி’ என்ற வரிக்கு அடுத்த வரி ‘ஐயம் இட்டு உண்’. வாங்காதே, கொடு. இந்த இரண்டு வரிகளைப் பிடித்துக்கொண்டே வாழ்ந்து முடித்துவிடலாம் என்று நினைத்தேன். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலின் ஏழையர் உதவிக் குழுவுக்குப் பத்தொன்பது ஆண்டுகளாக நான்தான் பொருளாளர். மாதத்தின் முதல் ஞாயிறு திருப்பலி முடிந்ததும் கோயில் வராந்தாவில் மேசை போட்டு உட்காருவேன். எதிரே வரிசை நிற்கும். யாருக்கு எத்தனை கிலோ அரிசி, எந்தப் பிள்ளைக்கு எவ்வளவு கட்டணம் என்பதெல்லாம் என் பதிவேட்டில் இருக்கும். கையெழுத்துப் போட்டுவிட்டு வாங்கிப் போவார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் நிற்கிறவருக்கு இந்தப் பக்கம் எப்படித் தெரியும் என்று ஒரு நாள்கூட நான் நினைத்துப் பார்த்ததில்லை.

மருத்துவச் செலவில் நாற்பதாயிரம் ரூபாய் குறைந்தபோது குழு நண்பர்கள் ஓர் உறையில் பணம் வைத்து வீட்டுக்கே கொண்டுவந்தார்கள். நான் தொடவில்லை. தேநீர் கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் மூன்று வட்டிக்குக் கடன் வாங்கினேன். அன்று இரவு மனைவி சொன்னாள்: “உங்களுக்கு யாரும் வேண்டாம். இப்படியே போனால் கடவுளும் வேண்டாம் என்று ஆகிவிடும்.” நான் பதில் பேசவில்லை. தினமும் செபமாலை சொல்கிறவனைப் பார்த்து இப்படிச் சொல்லிவிட்டாளே என்ற வருத்தம்தான் வந்தது. அந்த வருத்தத்தை எட்டு மாதம் மனதிலேயே வைத்திருந்தேன்.

சலேத் மாதா பெருவிழா ஆகஸ்ட் 14, 15 தேதிகளில். தேர்ப் பவனிக் கூட்டம் அவள் உடம்புக்கு ஆகாது என்பதால் இரண்டு நாள் முன்னதாகவே புறப்பட்டோம். அவளுடைய நேர்ச்சை என்றாலும் என் பங்குக்கு நானும் ஏதாவது செலுத்த வேண்டுமே என்று அன்று ஒருசந்தி இருந்தேன். சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுகிறவன் நான். மாத்திரையைப் போட்டுக்கொண்டேன், சாப்பிடவில்லை. செய்யவே கூடாத காரியம் அது; இரத்தத்தில் சர்க்கரை மிகவும் இறங்கிவிடும். என் உடம்பு என் சொல் கேட்கும் என்று நினைத்திருந்தேன்.

வத்தலக்குண்டு தாண்டி, காட்ரோட்டில் மலை ஏறத் தொடங்கியது பஸ். டம் டம் பாறை, ஊத்து, பெருமாள்மலை. வெள்ளி நீர்வீழ்ச்சி அருகே சாரல் கண்ணாடியில் அடித்தது. செண்பகனூரைக் கடக்கும்போது, இயேசு சபையாரின் திரு இருதயக் கல்லூரி இருக்கும் பக்கம் கைகாட்டி, இது 1895-ல் தொடங்கியது என்று மனைவிக்குச் சொன்னேன். ஆண்டுகளும் கணக்குகளும் எனக்கு நன்றாக நினைவில் நிற்கும். அவள் உடனே, “குழந்தை தெரேசாள் தன்னையே இறைவனுக்கு ஒப்புக்கொடுத்ததும் அந்த வருஷம்தானே? வெறுங்கையோடு உம்முன் நிற்பேன் என்று சொன்னாளே” என்றாள். ஆமாம், அந்தப் பிரெஞ்சுப் புனிதை ஒப்புக்கொடுத்தது 1895 ஜூன் 9. ஆண்டு எனக்குத் தெரியும். அந்த வெறுங்கையை நான் கவனித்ததில்லை.

மூஞ்சிக்கல்லில் இறங்கி, அவளை ஒரு வாடகை ஜீப்பில் மேலே அனுப்பிவிட்டு நான் நடந்தேன். நடந்து ஏறுவதும் என் கணக்கில் ஒரு காணிக்கை. கொடைக்கானல் ஏறத்தாழ ஏழாயிரம் அடி உயரத்தில் இருக்கிற ஊர். சமவெளிக்காரனுக்கு அங்கே சும்மா நடந்தாலே மூச்சு வாங்கும். பாதி ஏற்றத்தில் கை நடுங்கியது. குளிரில் வியர்த்துக் கொட்டியது. எதிரே வருகிறவர்கள் இரண்டிரண்டாகத் தெரிந்தார்கள். எங்கே உட்கார்ந்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. ஈரத் தரை என்பது மட்டும் தெரிந்தது.

“ஐயா, வாயைத் திறங்கள்” என்று ஒரு குரல். வாயில் ஒரு துண்டு வெல்லம் வந்து விழுந்தது. பிறகு இன்னொன்று. ஒரு முதிய அம்மாள், நெற்றியில் திருநீறு, தலையில் கம்பளித் துண்டு, என் முதுகைத் தன் முழங்காலில் தாங்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “எங்கள் வீட்டுக்காரருக்கும் சர்க்கரைதான். இந்த முழியைப் பார்த்தாலே தெரியும்” என்றார். கொஞ்சம் தெளிந்ததும் பையிலிருந்து அவித்த உருளைக்கிழங்கை எடுத்துத் தோலை உரித்து, உப்பைத் தொட்டு, என் கையில் வைத்தார். கை நடுக்கத்தில் அது கீழே விழுந்தது. அடுத்ததை அவரே ஊட்டினார். நாற்பது வருடமாக என் மனைவிகூட எனக்கு ஊட்டியதில்லை.

நடுக்கம் நின்றவுடன் நான் செய்த முதல் காரியம், சட்டைப் பையில் கைவிட்டு ஐந்நூறு ரூபாய்த் தாளை எடுத்து நீட்டியதுதான். இதை எழுதும்போது எனக்கு வலிக்கிறது. நன்றி சொல்வதற்கு முன்பே அந்தத் தாளை எடுத்துவிட்டேன். அந்த அம்மாள் அதைப் பார்க்கவே இல்லை. “மாதாவைப் பார்க்க வந்த இடத்தில் கிழங்கா விற்கிறேன்?” என்றார். அவ்வளவுதான். கோபம்கூட இல்லை.

பூம்பாறைப் பக்கம் அவருக்கு ஊர். வேலப்பரைக் கும்பிடுகிறவர். ஆனாலும் ஒவ்வொரு ஆகஸ்டிலும் மாதாவிடம் வந்துவிடுவாராம். இந்த ஆண்டு கிழங்கில் கருகல் விழுந்து பாதி போய்விட்டது என்றார். “மாதாவிடம் என்ன கேட்பீர்கள்?” என்று கேட்டேன். “எல்லாம்தான் கேட்பேன். பேத்திக்கு நல்ல இடம் கேட்பேன். மகன் குடியை விடக் கேட்பேன். இந்த முட்டிவலி போகக் கேட்பேன். போன வருஷம் கேட்டதையே இந்த வருஷமும் கேட்பேன். தாயிடம் கேட்பதற்கு என்ன கூச்சம்?” என்று சொல்லிவிட்டு, மீதிக் கிழங்கு இரண்டை ஒரு தாளில் சுற்றி என் பையில் போட்டார். வேனில் அவரோடு வந்தவர்கள் கூப்பிடவே எழுந்து போய்விட்டார். பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

கோயிலுக்குள் போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தேன். நடந்ததைச் சொன்னேன். அவள் என் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத் தன் செபப் புத்தகத்தை என் மடியில் வைத்தாள். உள்ளே சலேத் மாதாவின் சிறிய படம் ஒன்று இருந்தது; கல்லின் மேல் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் முகம் புதைத்து அழுகிற படம்.

பிரான்சின் ஆல்ப்ஸ் மலையில், சலேத் என்ற சிற்றூரின் மேல் 1846 செப்டம்பர் 19 அன்று நடந்தது அது. மாடு மேய்த்துக்கொண்டிருந்த இரண்டு பிள்ளைகள்: 14 வயது மெலனி, 11 வயது மாக்ஸிமின். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள். கூலிக்கு மாடு மேய்த்தவர்கள். ஓர் அழகிய பெண்மணி உட்கார்ந்து அழுவதைக் கண்டார்கள். அருகே வாருங்கள், பயப்படாதீர்கள் என்று அவர் கூப்பிட்டார். ஐந்தாண்டு விசாரணைக்குப் பிறகு, 1851-ல் கிரெனோபிள் ஆயர் அந்தக் காட்சியை ஏற்று அறிவித்தார். காட்சி நடந்து இருபதாண்டு கழித்து, 1866-ல், லூயி செயின்ட் சீர் என்ற பிரெஞ்சு இயேசு சபைத் துறவி பழனி மலைத்தொடரின் மேல், இந்தக் கொடைக்கானலில், அந்த அழுகிற தாய்க்கு இந்தக் கோயிலைக் கட்டினார்.

இதெல்லாம் நான் பலமுறை படித்ததுதான். ஆனால் அன்றைக்கு, கிழங்கின் உப்பு நாக்கில் இருக்கும்போது, இதுவரை நான் தாண்டிப்போன ஓர் இடத்தில் மனம் நின்றது. மாதா அந்தப் பிள்ளைகளிடம் அழுகிப்போன உருளைக்கிழங்கைப் பற்றியும் பேசினார். ஐரோப்பாவின் பல பகுதிகளில் உருளைக்கிழங்கில் கருகல் நோய் பரவி மக்கள் பட்டினி கிடந்த காலம் அது. கோதுமையும் கெட்டுப்போகும் என்று சொல்லிவிட்டு, கெட்டுப்போன கோதுமையைப் பார்த்ததுண்டா என்று மாதா கேட்டார். இல்லை என்றான் மாக்ஸிமின். பார்த்திருக்கிறாய், நினைத்துப் பார் என்று மாதா அவனுக்கு எடுத்துச் சொன்னார்: ஒரு நாள் உன் தந்தையோடு ஒரு வயலுக்குப் போனாய், கதிர்கள் கையில் தூளாயின, திரும்பும் வழியில் உன் தந்தை உனக்கு ஒரு துண்டு ரொட்டி கொடுத்து, இந்த வருஷமாவது தின்று கொள் மகனே, அடுத்த வருஷம் யாருக்குக் கிடைக்குமோ என்றார். பையனுக்கு அப்போதுதான் நினைவு வந்தது.

தந்தை கொடுத்த ரொட்டியை மகன் மறந்துவிட்டான். விண்ணகத்தில் அது மறக்கப்படவில்லை. நான் எத்தனை ரொட்டிகளை மறந்திருப்பேன்! என் படிப்புக்குத் தன் சங்கிலியை விற்ற அத்தை. வேலை கிடைத்த புதிதில் ஆறு மாதம் வாடகை வாங்காத வீட்டுக்காரர். பதிவேட்டில் நான் கொடுத்தது மட்டும் இருந்தது. வாங்கியது ஒரு வரிகூட இல்லை. கைநீட்டாமல் வாழ்ந்தவன் என்று நான் நம்பியது உண்மையே அல்ல.

லூக்கா நற்செய்தி 18-ஆம் அதிகாரத்தை எடுத்தேன். இயேசு சொன்ன உவமை: கோயிலில் செபிக்கப் போன, சட்டம் தவறாத பரிசேயரும், பாவி என்று ஊர் ஒதுக்கிய வரிதண்டுபவரும். பரிசேயர் பொய் சொன்னதாக ஆண்டவர் சொல்லவில்லை. வாரத்தில் இரண்டு நாள் நோன்பு, வருவாயில் பத்தில் ஒன்று, சொன்னதெல்லாம் செய்தவர்தான். நன்றியும் சொல்கிறார். இத்தனை முறை படித்தும் என் கண்ணில் படாதது ஒன்று அன்று பட்டது. அவருடைய செபத்தில் ஒரு வேண்டுகோள்கூட இல்லை. எதுவும் கேட்கவில்லை, எதுவும் வாங்காமலே வீட்டுக்குப் போகிறார். தொலைவில் நின்று மார்பில் அடித்துக்கொண்ட மற்றவர் கேட்டது ஒன்றே ஒன்று, இரக்கம். அதை வாங்கிக்கொண்டு போனார். என் செபங்களை எண்ணிப் பார்த்தேன். மற்றவர்களுக்காகக் கேட்டிருக்கிறேன்: பங்குக்காக, நோயாளிகளுக்காக, பிள்ளைகளுக்காக. எனக்கென்று கேட்ட செபம் ஒன்றையும் என்னால் நினைவுக்குக் கொண்டுவர முடியவில்லை. தாழ்ச்சி என்றால் தன்னைக் குறைத்துப் பேசுவது என்று நினைத்திருந்தேன். அது எனக்கு நன்றாகவே வரும். எனக்கு வராதது இன்னொருவர் ஊட்டுவதற்காக வாயைத் திறப்பது.

நவநாள் திருப்பலி தொடங்கியது. நற்கருணை அப்பம் வழங்கும் நேரத்தில், நற்செய்தியில் இயேசுவிடம் உதவி கேட்டு வந்த நூற்றுவர் தலைவனின் சொற்களை எல்லோரும் சேர்ந்து சொன்னோம். நீர் வர நான் தகுதியற்றவன், ஒரு வார்த்தை மட்டும் சொல்லியருளும் என்று. நூறு படைவீரர்களுக்கு ஆணையிட்டுப் பழகியவன் அவன். அவனும் ஒரு வார்த்தைக்காகக் கைகட்டி நின்றிருக்கிறான். நமது பேச்சில் நற்கருணை ‘வாங்குதல்’ என்கிறோம். கடையில் காசு கொடுத்துப் பெறுவதும் வாங்குவதுதான். கையேந்திப் பெறுவதும் வாங்குவதுதான். முதல் வகை வாங்குதலையே கோயிலுக்குள்ளும் நான் செய்துகொண்டிருந்தேன். நோன்பு இருந்தேன், உதவினேன், மலை ஏறினேன், ஆகவே வாங்குகிறேன்.

வரிசையில் நின்றேன். அதுவும் ஒரு வரிசைதான் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்கு முன்னால் ஒரு கட்டடத் தொழிலாளி. விரல்களில் சிமென்ட் காய்ந்திருந்தது. பின்னால் யார் என்று தெரியாது. இடது கையை வலது கையின் மேல் வைத்து நீட்டினேன். மனதுக்குள், “ஆண்டவரே, என்னிடம் ஒன்றும் இல்லை. எனக்கு நீர் வேண்டும்” என்றேன். அதற்கு மேல் சொல்லத் தெரியவில்லை. கண்ணில் நீர் வந்ததை மறைக்கவும் தோன்றவில்லை.

திரும்பி வந்து முழங்காலில் இருந்தபோது மனைவி கேட்டாள்: “என்ன கேட்டீர்கள்?” சொன்னேன். அவள் தன் கையை என் கை மேல் வைத்தாள். ஊர் திரும்பியதும் அந்த நண்பர்களைப் பார்த்து, வட்டிக் கடனை அடைக்க உதவி வேண்டும் என்று கேட்கப் போகிறேன் என்றேன். “நானும் வருகிறேன்” என்றாள்.

கோயிலுக்கு வெளியே அந்தப் பூம்பாறை அம்மாளைத் தேடினேன். வேன்கள் நின்ற இடத்தில் மூடுபனி மட்டும் இருந்தது. இறக்கத்தில் ஜீப் கிடைக்கவில்லை. கால் இன்னும் தளர்வாகவே இருந்ததால், “உன் தோளைக் கொஞ்சம் பிடித்துக்கொள்ளட்டுமா?” என்று மனைவியிடம் கேட்டேன். அறுவைச் சிகிச்சை செய்த உடம்பு அவளுடையது. நேர்ச்சைக்கு வந்தவளும் அவள். அவள் சற்றே நின்று, தோளைக் கொடுத்தாள்.

பஸ்ஸில் அந்த இரண்டு கிழங்கையும் உரித்து ஆளுக்கு ஒன்றாகச் சாப்பிட்டோம்.

இரவு வீடு வந்ததும் வழக்கம்போல் அன்றாடச் செலவு நோட்டை எடுத்தேன். பஸ் டிக்கெட், ஜீப், மெழுகுவர்த்தி, பூ மாலை என்று ஒவ்வொன்றாக எழுதிக்கொண்டு வந்தேன். அடுத்த வரியில் ‘வெல்லம், உருளைக்கிழங்கு, பூம்பாறை அம்மாள்’ என்று எழுதினேன். தொகைக்கான கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு நோட்டை மூடினேன்.