முதலில் பாட்டு, அப்புறம் படம்

பார்க்கிறவரே கதையைத் தேர்ந்தெடுக்கும் இன்டராக்டிவ் சினிமாதான் எதிர்காலம் என்று கல்யாண வீடியோ எடிட் செய்கிறவனிடம் சொன்னால் அவனுக்குச் சிரிப்புத்தான் வரும். காரைக்குடிப் பக்கம் ஒரே கல்யாணத்துக்கு இரண்டு விதமாக எடிட் செய்து கொடுப்பவன் நான். பெண் வீட்டுப் பிரதியில், சாமான் பரப்பியிருக்கும் இடத்தில் கேமரா ஒவ்வொரு வெள்ளிப் பாத்திரத்திடமும் நின்று நகரும். மாப்பிள்ளை வீட்டுப் பிரதியில் அந்த நேரம் முழுக்க மாப்பிள்ளை அழைப்புக்குப் போய்விடும். தாலி கட்டும் திருப்பூட்டு மட்டும் இரண்டிலும் ஒன்றே. எப்படிச் சுற்றினாலும் அங்கே வந்து சேர்ந்துதான் ஆக வேண்டும்.

1967இல் மொன்ட்ரியல் உலகக் கண்காட்சியில் செக்கோஸ்லோவாக்கியாக்காரர்கள் காட்டிய 'கினோஆட்டோமாட்' படமும் இதே கணக்குத்தான். ரதூஸ் சின்செரா என்பவரின் யோசனை அது. ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பச்சை பட்டன், ஒரு சிவப்பு பட்டன். நெருக்கடியான இடத்தில் படம் நின்றுவிடும். ஒருவர் மேடைக்கு வந்து அடுத்து என்ன செய்யலாம் என்று கேட்பார். எந்தப் பட்டனுக்கு ஓட்டு அதிகமோ அந்தப் பக்கம் ஓடும். ஆனால் எந்தப் பக்கம் ஓடினாலும் அடுத்த கேள்வி வருவதற்குள் இரண்டு வழியும் ஒன்றாகிவிடும், கடைசியில் வீடு தீப்பற்றி எரியும். ஏமாற்று வேலை என்று சொல்லமாட்டேன். உண்மையாகவே கதையைப் பிரித்துக்கொண்டே போனால் பத்தே கேள்வியில் 1,024 முடிவுகள் வந்து நிற்கும். கானாடுகாத்தானில் ஒரு பெரிய வீட்டை ஒரு நாள் ஷூட்டிங்குக்கு வாடகை கேட்டுப் பார்த்தவர்கள் அந்த எண்ணிக்கையைக் கேட்டால் எழுந்து போய்விடுவார்கள்.

பணம் இருந்தவர்களும் செய்து பார்த்தார்கள். 2018 டிசம்பரில் நெட்ஃபிளிக்ஸ் வெளியிட்ட 'பேண்டர்ஸ்நாட்ச்' படத்துக்கு ஐந்து மணி நேரத்துக்கும் மேலான காட்சிகள் எடுத்து வைத்தார்கள். ஒருவர் உட்கார்ந்து பார்ப்பதோ சுமார் ஒன்றரை மணி நேரம். எடுத்ததில் பெரும்பகுதி பலர் கண்ணிலேயே படாது. எடிட்டராக எனக்கு வயிறு எரிகிறது. அதைவிடப் பெரிய சங்கடம் அப்புறம் வந்தது. 2024 கடைசியில் இந்த வகைப் படங்களில் பெரும்பாலானவற்றைத் தளத்திலிருந்து எடுத்தார்கள். 2025 மே மாதம் பேண்டர்ஸ்நாட்சும் போயிற்று. சாதாரணப் படமென்றால் எங்காவது ஒரு டிவிடியாவது கிடக்கும். இதற்கு அந்த பட்டனும் அதன் பின்னால் ஓடும் மென்பொருளும் வேண்டும். கம்பெனி அணைத்தால் படமே அணைந்த மாதிரிதான்.

தனியாகப் பாட்டு வெளியிடுகிறவர்களின் நிலைமை இதற்கு நேர் எதிர் என்பதுதான் ராத்திரி ஹெட்போனை மாட்டிக்கொண்டு நான் யோசிப்பது. பணத்தில் அவர்கள் நிலைமையும் சுகமில்லைதான். 'எஞ்சாய் எஞ்சாமி' 2021இல் உலகமெல்லாம் சுற்றியது. அதிலிருந்து ஒரு பைசாகூட வரவில்லை என்று மூன்று வருடம் கழித்து சந்தோஷ் நாராயணனே வெளிப்படையாகச் சொன்னார். பாட்டு கேட்கும் தளமான ஸ்பாட்டிஃபையில் ஒரு பாட்டு பன்னிரண்டு மாதத்தில் ஆயிரம் தடவையாவது கேட்கப்பட்டால்தான் பணத்துக்கான கணக்கிலேயே சேரும். கலைஞர்களே நேரடியாகப் பாட்டு விற்கும் பேண்ட்கேம்ப் தளம் கொஞ்சம் பரவாயில்லை. டிஜிட்டல் விற்பனையில் 15 சதவீதம் எடுத்துக்கொள்கிறார்கள், சில வெள்ளிக்கிழமைகளில் அதையும் விட்டுக்கொடுக்கிறார்கள். காசு குறைவுதான். ஆனால் காசு கொடுத்து இறக்கிய பாட்டு என் ஹார்ட்டிஸ்கில் இருக்கிறது. அதை யாரும் வந்து அணைக்க முடியாது.

சாய் அபயங்கர் 'கட்சி சேர' பாட்டை 2024இல் விட்டார், அடுத்த வருடமே பெரிய படங்களுக்கு இசையமைப்பாளர். நல்ல பையன், நல்ல பாட்டு. ஆனால் தனிப்பாட்டு என்பது சினிமாவுக்குள் நுழைய வாசல்படி மட்டும்தானா என்று எனக்கு ஒரு குறை உண்டு. எங்கள் ஊர்க் கதையில் வழி வேறு மாதிரி போனது. ஏவி.எம். மெய்யப்பனின் அப்பா காரைக்குடியில் நடத்திய கடையில் கிராமபோன் ரெக்கார்டும் விற்றார்கள். மகன் கூட்டாளிகளோடு சேர்ந்து ரெக்கார்டு வெளியிட ஆரம்பித்து, அதிலிருந்து படத்துக்குப் போனார். யுத்த காலத்தில் தேவகோட்டை ரஸ்தாவில் கொட்டகை போட்ட ஸ்டூடியோவில்தான் 1947இல் வந்த 'நாம் இருவர்' எடுத்தார்கள். அதில் பாரதி பாட்டுகள்தான் உயிர். பாட்டு விற்றவர்கள் படத்தைக் கண்டுபிடித்தார்கள் என்றே நான் இதைப் படிக்கிறேன்.

இன்டராக்டிவ் படத்துக்கும் அப்படித்தான் வழி பிறக்கும் என்று தோன்றுகிறது. 2024இல் கேரி ஹஸ்ட்விட் எடுத்த 'ஈனோ' அதற்கு ஒரு அடையாளம். பிரையன் ஈனோ என்ற இசைக் கலைஞரைப் பற்றிய ஆவணப்படம் அது. ஒவ்வொரு திரையிடலிலும் மென்பொருளே துண்டுகளை மாற்றி அடுக்கித் தருவதால் ஒரு தடவை பார்த்த படம் மறு தடவை வராது. யாரும் பட்டன் அமுக்க வேண்டியதில்லை. 1,024 முடிவுகளுக்குத் தனித்தனியாக ஷூட்டிங் போக வேண்டியதும் இல்லை.

பள்ளத்தூரில் எனக்கு ஒரு தம்பி இருக்கிறான், பாடுவான், எழுதுவான். அவனுடைய ஆறு பாட்டுக்கும் ஆறு சின்னப் படம் எடுக்கலாம் என்று பேசிக்கொண்டிருக்கிறோம். ஒரே வீடு, ஒரே குடும்பம். எதை முதலில் பார்க்கிறீர்களோ அதைப் பொறுத்து அண்ணன் ஏன் பர்மாவிலிருந்து திரும்பவில்லை என்பதற்குக் காரணம் மாறும். ஆறு பாட்டை 720 வரிசையில் அடுக்கலாம். ஷூட்டிங் ஆறு பாட்டுக்கு மட்டும். தளம் எதையும் நம்பாமல் ஒரு பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிடலாம்.

தம்பிக்கு எல்லாம் சம்மதம். ஒன்றே ஒன்றில்தான் தகராறு. "எந்த வரிசையில் போனாலும் கடைசியில் அந்தத் தாலாட்டுத்தான் வரணும்ணே" என்கிறான். அப்படிச் செய்தால் 720 என்பது 120 ஆகிவிடும் என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டேன். அவன் இறங்கி வருகிற மாதிரி இல்லை.