வரப்பில் கேழ்வரகு

சுமோவில் எனக்குக் கிடைத்தது கடைசி வரிசை நடு சீட். அருணாசலப் பிரதேசத்து நஹர்லகுனில் விடியற்காலை ஏறி, முழங்காலை நெஞ்சோடு கட்டிக்கொண்டு, முன்னால் இருந்தவரின் கோழிக்கூடையோடு பேசியபடி அபதானி பழங்குடியினர் வாழும் ஸீரோ பள்ளத்தாக்குக்கு வந்து சேர்ந்தேன். இறங்கியதும் கால் மரத்துப்போய் நிற்கவே முடியவில்லை. ஆனால் புலம்புவதற்கு எனக்கு அருகதை இல்லை. இதே பள்ளத்தாக்குக்கு 1944ல் வந்த மானுடவியலாளர், அசாம் சமவெளியில் இருந்து சுமைகூலிகளோடு நாள்கணக்கில் காட்டில் நடந்து ஏறியவர்.

கிறிஸ்டோஃப் வான் ஃபியூரர்-ஹைமண்டார்ஃப். வியன்னாக்காரர். 1939ல் போர் மூண்டபோது ஹைதராபாத் சமஸ்தானத்தில் இருந்தார். கையில் ஜெர்மன் பாஸ்போர்ட். பிரிட்டிஷ்காரர்களுக்கு அவர் எதிரி நாட்டு ஆள். சமஸ்தானத்தை விட்டு வெளியே போகக்கூடாது என்றார்கள். அவர் சளைக்காமல் உள்ளேயே செஞ்சு, கோண்டு பழங்குடியினரிடம் போய் உட்கார்ந்து வேலை பார்த்தார். சில வருடத்தில் அதே அரசாங்கம் அவரை, ஸீரோ இருக்கும் சுபன்சிரிப் பகுதிக்குச் சிறப்பு அதிகாரியாக அனுப்பியது! திபெத் எல்லையை ஒட்டிய மலைகளுக்கு, போர் முடியும் முன்பே, ஓர் எதிரி நாட்டுக்காரரை. மனைவி பெட்டியும் கூட வந்தார்.

ஹபோலி ஊரைத் தாண்டி ஒரு மேட்டில் ஏறியபோதுதான் அந்த மனுஷன் எதைப் பார்த்து அசந்தார் என்று புரிந்தது. அதுவரை காடு, மூங்கில், சரிவு, மறுபடி காடு. திடீரென்று தாம்பாளம் மாதிரி தட்டையாக வயல். கடல்மட்டத்தில் இருந்து 1,500 மீட்டருக்கு மேலே, தண்ணீர் கட்டிய நெல்வயல்! சுற்றியிருந்த மலைகளில் நிஷி பழங்குடியினர் காட்டை வெட்டி எரித்துப் பயிர் செய்து, சில வருடத்தில் இடம் மாறிக்கொண்டிருந்த காலம் அது. நடுவில் இந்தக் கிண்ணத்துக்குள் மட்டும் ஒரே மண்ணில் தலைமுறை தலைமுறையாக நடவு. அதிலும் ஏர் கிடையாது, உழவு மாடு கிடையாது, எல்லாம் மண்வெட்டிதான். மிதுன் என்று கம்பீரமான மாடு வைத்திருக்கிறார்கள். அது பலிக்கும் சீருக்கும்தான், உழுவதற்கு இல்லை.

மறுநாள் ஹோங் கிராமத்து வயலில் வரப்பு வரப்பாக நடந்தேன். வரப்பு என்றால் நம் ஊர் வரப்பு மாதிரி, கால் வைக்க மட்டும் இருக்கும் என்று நினைக்காதீர்கள். இரண்டு பக்கமும் சீவி வழித்து, மேலே வரிசையாகக் கேழ்வரகு. ஆமாம், நம் கேழ்வரகேதான். கதிர் விரல் மடக்கினாற்போல் நிற்கிறது. வேர் வரப்பைப் பிடித்துக்கொள்ளும், ஒரு சாண் மண்கூட வீணாகாது. ஒரு வயலில் இருந்து அடுத்த வயலுக்குத் தண்ணீர் போக மூங்கில் குழாய். வயல் நடுவே பள்ளம் வெட்டி மீன் வளர்க்கிறார்கள். தண்ணீர் வடியும்போது மீன் அங்கே போய் ஒதுங்கிக்கொள்ளும்.

இந்த மீனைப் பார்த்து, ஆதிகாலத்து அறிவு, ஆகா என்று நோட்டில் நாலு வரி எழுதிவிட்டேன். அப்புறம்தான் தெரிந்தது, வயலில் கெண்டை விடுவது 1960களில் வந்த பழக்கமாம். ஹைமண்டார்ஃப் முதலில் வந்தபோது இது இல்லை. அந்த நாலு வரியையும் அடித்தேன். மலைக்கிராமம் என்றாலே எல்லாமே ஆயிரம் வருடப் பழசு என்று நினைத்துக்கொள்கிற வியாதி எனக்கும் இருக்கிறது.

அவர் எழுதியதில் எனக்குப் பிடித்தது, அழகோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை என்பது. இங்கே அடிமைகள் இருந்தார்கள், பக்கத்து நிஷிக்களோடு சண்டையும் ஆள் பிடிப்பதும் நடந்தது, அதையும் பதிவு செய்தார். பிடிக்காததும் ஒன்று உண்டு: அவர் ஆய்வாளராக மட்டும் வரவில்லை, சர்க்காராகவும் வந்தார். அதிகாரி கேட்கும் கேள்விக்கு யார்தான் மனசு விட்டுப் பதில் சொல்வார்கள்?

நான் தங்கிய வீட்டில் ஒரு பாட்டி. நெற்றியில் இருந்து மூக்கு நுனி வரை பச்சை குத்திய கோடு, தாடையில் கோடுகள், மூக்கின் இரு பக்கமும் கறுப்பு அடைப்பு. 1970களுக்குப் பிறகு யாரும் இதைச் செய்துகொள்வதில்லை. எதிரிகள் தூக்கிக்கொண்டு போகாமல் இருக்க அழகை மறைத்தார்கள் என்று கைடுகள் கதை சொல்கிறார்கள். எனக்கு அது முழுசாக ஒட்டவில்லை. என் கை தானாகப் போனை எடுத்தது. பாட்டி முகத்தை அடுப்புப் பக்கம் திருப்பிக்கொண்டார். போனைப் பைக்குள் போட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்து, அடுப்புக்கு மேலே தொங்கிய பரணில் இருந்து கரிக்கட்டி மாதிரி ஒன்றை எடுத்துச் சுரண்டி உள்ளங்கையில் வைத்தார். தப்யோ. செடிகளை எரித்து, சாம்பலில் தண்ணீர் ஊற்றி வடித்து, காய்ச்சி எடுக்கிற உப்பு. கரிப்பு குறைவு, புகைவாசம் அதிகம்.

ஹைமண்டார்ஃபுக்கு மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். எனக்குப் பேத்தி. என் அரைகுறை ஹிந்தியை அவள் அபதானி மொழியில் மாற்ற வேண்டும். எங்கள் ஊரிலும் இந்தக் கேழ்வரகு உண்டு என்றேன்.

பாட்டி திரும்பினார். என்ன செய்வீர்கள்?

கரைத்துப் புளிக்க வைத்து, காய்ச்சி, கூழாகக் குடிப்போம்.

எத்தனை நாள் புளிக்க வைப்பீர்கள்?

ஒரு ராத்திரி.

பேத்தி மொழிபெயர்த்ததும் பாட்டி விழுந்து விழுந்து சிரித்தார். மூங்கில் குவளையில் வெளுப்பாக எதையோ ஊற்றி என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரு ராத்திரி போதாதாம்" என்றாள் பேத்தி.