நாயகனை வண்டியில் ஏற்றிய கதை

ஸ்கைரிம் என்ற வீடியோ கேமைத் தமிழில் நாவலாக எழுதிவிடலாம் என்ற எண்ணம் எனக்கு 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது வந்தது. தக்கலையில் எங்கள் வீட்டு மாடியறையில், பெரியவர்கள் இடவப்பாதி என்று சொல்லும் தென்மேற்குப் பருவமழை தகரக் கூரையில் இரைந்துகொண்டிருந்த மாதங்களில், ஏறத்தாழ 300 மணி நேரம் அந்த உலகத்தில் அலைந்திருந்தேன். இவ்வளவு நேரம் ஓர் இடத்தில் வாழ்ந்தவனுக்கு அதைப் பற்றி எழுதுவது எளிதாகத்தானே இருக்க வேண்டும் என்று நினைத்து, பதினொரு அத்தியாயங்களை எழுதியும் முடித்தேன். அவற்றை முதலில் படித்தவள் என் தங்கை. நாவல் நிறையப் படிப்பாள். கேம் விளையாடியதே இல்லை. நான்காம் அத்தியாயத்தோடு தாள்களை மேசைமேல் வைத்துவிட்டு, “அண்ணா, உலகம் அழியப் போவுதுண்ணு எல்லாவனும் சொல்லுதான். இவன் நிண்ணு பூ பறிச்சிட்டிருக்கான். இவனுக்கு வேற சோலி இல்லியா?” என்று கேட்டாள்.

அந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் கழிந்தன.

விளையாடாதவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். பெதஸ்தா நிறுவனம் 1994இல் தொடங்கிய எல்டர் ஸ்க்ரோல்ஸ் வரிசையில் ஐந்தாவது பெரிய ஆட்டமான ஸ்கைரிம் 2011 நவம்பர் 11 அன்று வெளிவந்தது. கைகள் கட்டப்பட்ட கைதியாக ஒரு குதிரை வண்டியில் கண் விழிப்பதில் ஆட்டம் தொடங்குகிறது. ஹெல்கன் என்ற ஊரில் உங்கள் தலையை வெட்டப்போகும் நேரத்தில் ஆல்டுயின் என்னும் கரிய டிராகன் வந்து ஊரையே எரிக்கிறது, தப்பி ஓடுகிறீர்கள். அதன்பிறகு எந்தத் திசையில் நடந்தாலும் ஆட்டம் உங்களைத் தடுப்பதில்லை. டிராகன்களின் ஆன்மாவை உள்வாங்கக்கூடிய அபூர்வப் பிறவி நீங்கள் என்பதும், உலகத்தைத் தின்னப்போகும் ஆல்டுயினை நீங்கள்தான் நிறுத்த முடியும் என்பதும் தெரியவந்த பின்னும், மலையடிவாரத்தில் மூலிகை பறித்துக்கொண்டு, கொல்லன் பட்டறையில் கத்தி செய்துகொண்டு, வீடு வாங்கி, திருமணமும் செய்துகொண்டு எத்தனை காலம் வேண்டுமானாலும் இருக்கலாம். ஆல்டுயின் காத்திருப்பான்.

நம்முடைய ஒரு நிமிடம் அங்கே இருபது நிமிடம். அங்கத்திய ஒரு நாள் நமக்கு 72 நிமிடத்தில் முடிகிறது. ஒருநாள் இரவு கணக்குப் போட்டுப் பார்த்தேன். என் 300 மணி நேரம் என்பது, என் நாயகன் சத்திரங்களில் தூங்கிய நேரத்தைச் சேர்க்காமலேயே, 250 நாட்கள். உலகம் அழியப்போகிறது என்று கேள்விப்பட்ட ஒருவன் எட்டு மாதத்துக்கு மேல் ஊர் சுற்றியிருக்கிறான். விளையாடும்போது அது எனக்கு ஒருமுறைகூட உறுத்தவில்லை. ஆட்டம் என்னை மதித்து, என் வேகத்துக்கு ஏற்பக் காத்திருந்ததாகவே தோன்றியது. அதே காத்திருப்பு தாளில் ஏறியவுடன், வில்லனுக்கு வேலை இல்லை, நாயகனுக்கு வெட்கம் இல்லை என்றாகிவிட்டது. தங்கை பிடித்தது சரியான இடத்தைத்தான்.

ஆகவே இரண்டாம் பிரதியில் மூலிகை, பட்டறை, வீடு எல்லாவற்றையும் வெட்டி எறிந்தேன். ஹெல்கனில் தப்பித்தல், ஒயிட்ரன் நகருக்கு வெளியே முதல் டிராகனைக் கொல்லுதல், ஏழாயிரம் படி ஏறி நரைதாடித் துறவிகளைக் காணுதல், இறுதியாக மாவீரர்களின் மறுவுலகத்தில் ஆல்டுயினோடு போர் என்று ஒரே நேர்கோடு. நூற்றிருபது பக்கத்தில் முடிந்த அந்தப் பிரதியை நானே மறுமுறை படிக்கவில்லை. ஒரு திறந்த உலக ஆட்டத்தில் மையக் கதை என்பது பெரும்பாலும் ஒரு சாக்கு. உங்களை வீட்டைவிட்டுக் கிளப்பி வழியில் தொலையவிடுவதற்காகச் சொல்லப்படுவது. தொலைந்த இடங்களை எல்லாம் நீக்கிவிட்டுச் சாக்கை மட்டும் அச்சடித்தால் யாருக்கு அது வேண்டும்?

இதற்கிடையே மொழி தன் பங்குக்கு ஒரு முட்டுக்கட்டை போட்டது. ஆட்டத்தில் நாயகர் ஆணா பெண்ணா, பத்து இனங்களில் எந்த இனம், என்ன பெயர் என்பதெல்லாம் விளையாடுபவரின் விருப்பம். எல்லையைக் கடக்க முயன்று பிடிபட்டவர் என்பதற்குமேல் முற்கதையும் கிடையாது. ஆங்கிலத்தில் எல்லோரும் அவரை ‘யூ’ என்கிறார்கள்; தலையை வெட்ட உத்தரவிடும் படைத்தலைவிக்கும் அதே சொல், சிற்றரசருக்கு நிகரான யார்லுக்கும் அதே சொல். தமிழில் முதல் வினைமுற்றிலேயே மாட்டிக்கொள்கிறோம். கண் விழித்தானா, விழித்தாளா, விழித்தாரா? எதிரே இருக்கும் கைதி ‘நீ’ என்பாரா, ‘நீங்கள்’ என்பாரா? ஒயிட்ரன் யார்ல் பால்குரூஃப் முதல் சந்திப்பில் ‘நீ’ என்று சொல்லி, டிராகனைக் கொன்று வந்தபின் ‘நீர்’ என்று மாறுவாரா? ஆங்கில வசனம் தொடாமலே கடந்துபோன மரியாதைக் கணக்குகளை ஒவ்வொரு வரியிலும் நான் தீர்க்க வேண்டியிருந்தது. கொஞ்ச காலம் தன்மையில் எழுதிப் பார்த்தேன். ‘வந்தேன்’, ‘கண்டேன்’ என்பதற்குப் பால் கிடையாதே என்ற தந்திரம்தான். நாற்பது பக்கம் கடந்ததும் அந்தத் தந்திரமும் திணறியது. ‘நான்’ என்று பேசுகிற ஒருவருக்குத் தாய் ஒருத்தியாவது நினைவில் வந்துதானே ஆக வேண்டும்?

மற்றவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் பார்த்தேன். 1998இல் வந்த பால்டர்ஸ் கேட் ஆட்டத்துக்கு அடுத்த ஆண்டே ஒரு நாவல் வந்தது. அதில் நாயகனுக்கு அப்டெல் என்று ஒரு பெயரும் முரட்டு வாள்வீரன் என்ற குணமும் நிலைத்தன. மந்திரவாதியாகவும் திருடியாகவும் அதே ஆட்டத்தை ஆடி முடித்திருந்த பலர் அதை ஏற்கவில்லை. அவர்கள் ஒவ்வொருவரிடமும் வேறொரு நாயகர் ஏற்கெனவே இருந்தார். எல்டர் ஸ்க்ரோல்ஸ் உலகத்தில் கிரெக் கீஸ் 2009இலும் 2011இலும் எழுதிய இரண்டு நாவல்கள் இந்தக் கண்ணியைத் தொடவே இல்லை. நான்காவது ஆட்டமான ஒப்லிவியனின் நிகழ்வுகளுக்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் கழித்துக் கதையை வைத்து, முற்றிலும் புதிய மாந்தர்களைக் கொண்டு நடத்திவிட்டார். புத்திசாலித்தனம்தான். ஆனால் எனக்கு நான் விளையாடிய அந்த ஆண்டுகளேதான் வேண்டும்.

என்னை உண்மையில் ஈர்த்தது பெதஸ்தாவே ஒருமுறை செய்த வேலை. 1996இல் வந்த டாகர்ஃபால் ஆட்டத்துக்குப் பல முடிவுகள் இருந்தன. ஒரு மாபெரும் இயந்திர உருவத்தின் அதிகாரத்தை யாரிடம் ஒப்படைக்கிறோம் என்பதைப் பொறுத்து முடிவு மாறும். அடுத்த ஆட்டம் எழுதும்போது எந்த முடிவை உண்மை என்று கொள்வது என்ற கேள்வி எழுமல்லவா? காலமே அங்கே உடைந்துபோய், எல்லா முடிவுகளும் ஒரே நேரத்தில் நடந்துவிட்டன என்று பின்னால் வந்த ஆட்டங்களில் அறிவித்துவிட்டார்கள். முதலில் படித்தபோது சிரிப்பு வந்தது. பிறகு, முன்பே எங்கேயோ கேட்டது போலவும் இருந்தது.

கேட்ட இடம் எங்கள் குடும்பக் கோயில் கொடை விழா. என் பெரியப்பா ஒரு வில்லுப்பாட்டுக் குழுவில் இருபத்தைந்து ஆண்டுகள் குடம் அடித்தவர். முத்துப்பட்டன் என்ற பிராமணனின் கதையில் அவன் மணக்கும் சக்கிலியப் பெண்களான பொம்மக்காவும் திம்மக்காவும் பிறப்பால் யார் என்பது பாடலுக்குப் பாடல் மாறும். சில வடிவங்களில் அவர்கள் பிராமணக் குழந்தைகள், சக்கிலியர் எடுத்து வளர்த்தவர்கள் என்று வரும். அப்படி மாற்றியவர்களின் மனக்கணக்கு நமக்குத் தெரியாததல்ல. காட்டை வருணிப்பதை நீட்டுவதும், திருமணத்தைச் சுருக்குவதும் பாடும் புலவரின் கையிலும் எதிரே இருக்கும் கூட்டத்தின் கையிலும் இருக்கிறது. மாடு திருட வந்தவர்களோடு பொருதிப் பட்டன் சாவதை மட்டும் ஒருவரும் மாற்றுவதில்லை. என் சிக்கலைப் பெரியப்பாவிடம் சொன்னபோது டிராகன், ஆட்டம் இவற்றைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. “மக்கா, பட்டன் சாவாண்ணு எல்லாவனுக்கும் தெரியும். தெரிஞ்சும் விடிய விடிய இருக்கானுவ இல்லியா? உன் கதையில யாரு சாவான், அதைச் சொல்லு” என்றார்.

யாரும் சாவதில்லை என்பதே உண்மையான பதில். ஆட்டத்தில் நான் எத்தனையோ முறை செத்திருக்கிறேன். ஆனால் எஃப்5 விசையை அழுத்திச் சேமித்துவிட்டுத்தான் ஒவ்வொரு குகைக்குள்ளும் நுழைந்தேன். தவறாகப் பேசிவிட்டால் எஃப்9 அழுத்தி மீண்டும் பேசலாம். மூன்று ஆண்டுகளாக நான் எழுதிக்கொண்டிருந்த நாயகனுக்கு எதையும் இழக்கத் தெரியாது. அவனைச் சுற்றி இருப்பவர்களுக்குத்தான் இழப்பு. அவன் கைதவறி எரித்த கோழிக்கூண்டு, அவன் கட்சி மாறியதால் ஆட்சி மாறிய நகரம், அவன் பின்னால் மூட்டை சுமந்து வந்து ஏதோ ஒரு கல்லறையில் செத்துக் கிடக்கும் காவல்வீரர், இவையெல்லாம் அவனுக்கு நினைவில்கூட இருக்காது. கதை அவர்களிடம் இருக்கிறது என்று அன்று இரவுதான் உறைத்தது.

அப்படி யோசித்தபோது வண்டிக்காரர் நினைவுக்கு வந்தார். ஸ்கைரிமில் ஐந்து பெருநகரங்களின் குதிரை லாயங்களுக்கு வெளியே வாடகை வண்டிகள் நிற்கும். இருபது அல்லது ஐம்பது பொற்காசு கொடுத்தால் கேட்ட நகரத்துக்குக் கொண்டுவிடுவார்கள். ஏறி அமர்ந்ததும் திரை இருண்டு, ஊர் வந்துவிடும். இடைப்பட்ட சாலையை ஆட்டம் காட்டுவதே இல்லை. ஆட்டம் விழுங்கிவிட்ட அந்தச் சாலையை யாரும் பார்த்திருக்க முடியாது. யாருடைய நாயகரோடும் மோதாமல் நான் எழுதக்கூடிய இடம் அது ஒன்றுதான். கதை தொடங்குவதே ஒரு வண்டியில்தான் என்பதை இத்தனை நாள் கவனிக்காமல் இருந்திருக்கிறேன்.

இப்போதைய பிரதியில் வண்டிக்காரருக்கு மனைவி உண்டு, கடன் உண்டு, போரில் எந்தப் பக்கம் என்று சொல்லாமல் பிழைக்க வேண்டிய கட்டாயம் உண்டு. பேரரசுப் படைக்கும் கிளர்ச்சிக்காரர்களுக்கும் நடக்கும் சண்டையில் ஒரு பாலம் அடைபட்டால் அவருடைய வாரக் கூலி போய்விடும். அவர் வண்டியில் ஏறுகிறவர்களில் மூவர் தங்களை டிராகன் பிறவி என்று சொல்லிக்கொள்கிறார்கள்: ஒருவன் முரடன், ஒருத்தி வாய் திறக்காதவள், இன்னொருவர் பல்லியினத்தைச் சேர்ந்த மந்திரவாதி. ஒவ்வோர் ஊர்ச் சத்திரத்திலும் ஆல்டுயினின் சாவைப் பற்றி ஒவ்வொரு விதமாகச் சொல்கிறார்கள். அவர் எதையும் மறுப்பதில்லை. உலகம் அழியுமா என்பதைவிடக் குதிரையின் முன்னங்கால் லாடம் இந்த மலையேற்றத்தைத் தாங்குமா என்பதே அவருடைய கவலை. இந்தக் கவலையை என் அம்மாவின் அப்பாவிடமிருந்து எடுத்தேன். பூதப்பாண்டிப் பக்கமிருந்து வைக்கோல் ஏற்றி மாட்டுவண்டி ஓட்டியவர் அவர். வண்டியில் யார் யார் ஏறினார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை, எந்த மாடு எந்த ஏற்றத்தில் படுத்தது என்பதைக் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

பனிதான் இன்னும் என்னைப் படுத்துகிறது. மார்கழியில் புல்லில் நிற்பதும் பனி, ஏழாயிரம் படிகளை மூடிக் கிடப்பதும் பனி என்றால் வாசகர் எதை நினைப்பார்? ‘உறைபனி’, ‘வெண்பனி’ என்று எழுதிப் பார்த்தால் பாடநூல் வாடை அடிக்கிறது. பார்த்திராத பனியை விட்டுவிட்டு, பட்டறிந்த காற்றைப் பிடித்துக்கொண்டேன். ஆடி மாதத்தில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் இருசக்கர வண்டியை நேராக ஓட்ட முடியாது. கண்ணைச் சுருக்கி, உடலை ஒருபக்கம் சாய்த்து, பல்லில் மணல் நெரிய வருவோம். அந்தச் சாய்வை அப்படியே வண்டிக்காரருக்குக் கொடுத்தேன். மலையேறும் மூச்சிரைப்பு மருத்துவாழ் மலையிலிருந்து வந்தது.

இதை அச்சிட முடியாது. அந்த உலகமும் பெயர்களும் நிறுவனத்துக்குச் சொந்தம். அனுமதியின்றி விற்பது முறையும் அன்று. பெயர்களை மாற்றிவிட்டால் போதுமே என்று நண்பர்கள் சொல்கிறார்கள். போதாது என்று நினைக்கிறேன். ஆல்டுயின் இல்லாவிட்டால் வண்டிக்காரரின் அலட்சியத்துக்கு எடை இருக்காது. தங்கையும் இன்னும் நான்கைந்து பேரும் படித்தால் சரி.

சென்ற வாரம் பதினான்காம் அத்தியாயத்துக்கு வந்தேன். ஒரு நாளில் திரும்புவதாகச் சொல்லிச் சென்ற அந்த வாய் திறக்காத பெண், நான்கு மாதம் கழித்து, பைநிறையப் பூக்களோடு ஒயிட்ரன் லாயத்துக்கு வருகிறாள். ஊரெல்லாம் அவள்தான் உலகத்தைக் காத்தவள் என்கிறது. வண்டிக்காரருக்கு அவளிடமிருந்து இருபது காசு பாக்கி வர வேண்டும். கேட்கத்தான் போகிறார், ‘நீ தர வேண்டும்’ என்றா, ‘நீங்கள் தர வேண்டும்’ என்றா என்பதுதான் தெரியவில்லை. இரண்டையும் எழுதி வைத்திருக்கிறேன். ‘நீ’ என்றுதான் கேட்பார் என்கிறாள் தங்கை. தாத்தா யாரையும் அப்படிக் கேட்டதில்லை என்கிறார் அம்மா.